பெஞ்சுக்கு முன்னால் ஓர் ஓட்டைக் குடம்

எங்கள் வீட்டின் ஒரே ஜன்னலை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஆண்ட என் செல்ல நாத்தனார் தனக்கோடிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நம் பேட்டை மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். போனவர்களைப் பற்றி நல்லதாக மட்டும்தான் எழுத வேண்டுமாம். நல்லதாக மட்டும் எழுதினால் அது நீதான் என்று இந்த ராயபுரத்தில் யார் நம்புவார்கள்? நடந்ததை நடந்தபடி அவளுக்கே எழுதுகிறேன், வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணனுக்குத் துறைமுகத்தில் அதே கிரேன், வீட்டில் அதே முணுமுணுப்பு. துணி காயப்போட்டால் கரித்தூள் படிகிறது. தெருக் குழாயைத் திறந்தால் இன்னமும் காற்றுதான் வருகிறது, அதுவும் ரொம்பக் கோபமாக வருகிறது. ஜன்னல் எனக்கு வந்துவிட்டது. ஜெயித்தவள் மாதிரி போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்கூட இருக்க முடியவில்லை, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. தனக்கோடி என் வீட்டுக்காரருக்குத் தங்கை. கட்டினவன் ரங்கூனுக்குப் போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு எங்களோடு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாள். அவளுக்கு இழுப்பு உண்டு. சாயங்காலம் ரயில்வே ஷெட்டில் என்ஜின்களைக் கிளப்பினால் போதும், அந்தப் புகை நேராக எங்கள் வீட்டு விலாசம் கேட்டு வந்து இவள் மார்பில் உட்காரும். மூச்சுக்கு அவள் படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே மூச்சு முட்டும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? "மருந்து பாதிதான். சாயங்காலத்தில் மரம் இருக்கிற இடத்தில், முதுகைச் சாய்த்து உட்காரணும். தரையில் உட்கார்ந்தா எழுந்திருக்கவே உனக்கு மூச்சு போயிடும்." நீ ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாய். வெளியே வந்ததும், "மரத்துக்கு எங்க அண்ணி போறது? கருவேப்பிலக் கொத்தத் தல மேல புடிச்சிகினு குந்தறதா?" என்று கேட்டாய்.

கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாதிக் கரையைத் துறைமுகம் சுவர் வைத்து எடுத்துக்கொண்டது. மீதிக் கரை மீன்காரர்கள் வலை உலர்த்தவே போதாது. கருவாட்டு வாடை பட்டால் உனக்கு இழுப்பு இரண்டு மடங்காகும். ஆகமொத்தம் மிச்சம் இருந்தது பார்க்கு ஒன்றுதான்.

பார்க்கின் வாசலில் பெரிய பலகை. மேலே 'பொதுமக்கள் உபயோகத்திற்கு'. அதற்குக் கீழே யார் யார் உள்ளே வரக்கூடாது என்று ஒரு பட்டியல். சுமை தூக்கி வருகிறவர், அழுக்குத் துணி உடுத்தியவர், வெற்றிலை துப்புகிறவர், புல்லில் படுக்கிறவர். இவர்களை எல்லாம் கழித்துவிட்டால் ராயபுரத்தில் பொதுமக்கள் என்று யார் மிஞ்சுவார்கள்? நான் வாசித்துக் காட்டினேன். நீ, "நம்ம தெரு மொத்தமும் கீது அண்ணி, பேரு மட்டும்தான் போடல" என்று சிரித்தாய்.

அப்படியும் துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு ஒருநாள் போனோம். வாட்ச்மேன் முனுசாமி நம் ஒண்டுக்குடித்தனத்தில் கடைசி வீட்டுக்காரர்தான். இருந்தாலும் காக்கிச் சட்டை போட்டதும் நம்மை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. "இன்னாமே, ஓரமா குந்திட்டுப் போயிடுங்கோ, பேஜாரு பண்ணாதீங்கோ" என்று சொல்லி உள்ளே விட்டார்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் சாய்மானம் வைத்த ஒரு சிமிட்டி பெஞ்சு. பக்கத்தில் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய். நீ போய் உட்கார்ந்தாய். முதுகைச் சாய்த்தாய், கண்ணை மூடினாய். உன் மூச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் கைத்தடியும் அங்கவஸ்திரமுமாக அரிசி மண்டி அண்ணாச்சி வந்தார். பார்க்குச் சங்கத்துக்குத் தலைவர். அந்தப் பார்க்கில் ஒவ்வொரு பெஞ்சும் யாரோ ஒரு வியாபாரி தன் அப்பா நினைவாகப் போட்டது. சாய்மானத்தில் 'உபயம்' என்று பெரிதாகச் செதுக்கி, கொடுத்தவர் தினமும் வந்து அதிலேயே உட்கார்ந்துகொள்வார். கோயிலுக்கு விளக்குக் கொடுத்தவர் அதை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போய் ஏற்றுவது போன்ற தர்மம் இது.

"யம்மா, எந்திரிங்க. இது எங்க அப்பா பெஞ்சு" என்றார் அண்ணாச்சி.

நீ திரும்பி எழுத்துகளைத் தடவிப் பார்த்தாய். "உங்கப்பா பெஞ்சியா? அவரு வரட்டும் நைனா, வந்தாருன்னா எழுந்துக்கிறேன்."

"அவரு தவறி வருசமாச்சு."

"அப்போ இன்னாத்துக்கு அவருக்கு பெஞ்சி?"

அண்ணாச்சி முனுசாமியைப் பார்த்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர் முனுசாமி. "தனம், எழுந்துருமே, என் பொயப்புல மண்ணப் போடாதே" என்று கெஞ்சினார். அவருடைய பிழைப்பை நினைத்துத்தான் நீ எழுந்தாய். திரும்பி வரும் வழியெல்லாம் சுவரைப் பிடித்துப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இனிமே அந்தப் பார்க்குப் பக்கமே வேணாம்" என்று நான்தான் சொன்னேன். நீ பதில் சொல்லவில்லை. நீ பதில் சொல்லாமல் இருந்தால் ஊருக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் என் தகரக் குடத்தைக் காணோம். அடியில் ஓட்டை விழுந்து, ஈயம் பற்ற வைக்கக் கொடுக்க வேண்டும் என்று மூலையில் போட்டிருந்தேன். அதை யார் திருடுவார்கள்? அடுப்புக்குப் பின்னால், பரண் மேல், பக்கத்து வீட்டு அம்மாவின் முகத்தில் என்று எல்லா இடத்திலும் தேடினேன். நீ ஜன்னலோரம் ரொம்பச் சாதுவாகப் படுத்திருந்தாய்.

இங்கே குழாயடி நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஓர் ஆள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவள் குடம் நின்றால் போதும். குடம் வைத்துவிட்டுச் சோறு வடிக்கலாம், குழந்தையைக் குளிப்பாட்டலாம், சண்டை போடவும் போகலாம். புருஷனை அடித்தால்கூட நாலு பேர் விலக்கிவிட்டுப் போவார்கள். வரிசையில் வைத்த குடத்தை நகர்த்தினவளை யாரும் மன்னித்ததில்லை. முனுசாமியே ஒரு தடவை காலை வைக்க இடமில்லை என்று யாரோ ஒருத்தியின் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டார். சொந்த மாமியாரே அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் அதில் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள், ஆனால் அவர் வீட்டில் சமைக்கிறதும் அந்த மாமியார்தான்.

நீ செய்தது இதுதான். நான் கண் அயர்ந்த நேரம் பார்த்து அந்த ஓட்டைக் குடத்தை எடுத்துப் போய் அண்ணாச்சி அப்பாவின் பெஞ்சுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டாய். சாயங்காலம் போய் உட்கார இடம் பிடித்தாயிற்று. அப்புறம் கேட்டதற்கு, "கொயாயிக்கு ஒரு நாயம், பெஞ்சிக்கு ஒரு நாயமா அண்ணி? ரெண்டும் சர்க்காருதுதானே?" என்றாய்.

முனுசாமி குடத்தைப் பார்த்திருக்கிறார். ஆளாக இருந்தால் அதட்டி எழுப்பியிருப்பார். குடத்தை என்ன செய்வது? அதுவும் நம் வீட்டுக் குடம் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. தொட்டால் வீட்டில் சோறு கிடையாது, விட்டால் வேலை கிடையாது. பாவம், மனுஷன் ஒரு முடிவுக்கும் வர முடியாமல் குடத்துக்குப் பக்கத்திலேயே தடியோடு நின்றுவிட்டார்.

கம்பி வேலிக்கு வெளியே போன ஒருத்தியின் கண்ணில் இது பட்டது. ஒரு குழாய், அதன் பக்கத்தில் ஒரு குடம், குடத்துக்குக் காவலாக சர்க்கார் உடுப்பில் ஓர் ஆள். தெருக் குழாய் வறண்டு கிடக்கிற வெயில் காலத்தில் இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

"பார்க்குல தண்ணி வுடறாங்கோ!"

ரயில்வே கேட் வரைக்கும் அந்தக் குரல் போயிருக்கும். பித்தளைக் குடம், செப்புத் தவலை, மண்பானை, அண்டா என்று தெருவே திரண்டு ஓடியது. நானும்தான் ஓடினேன், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று. வாசலில் அந்தப் பலகையை யாரும் வாசிக்கவில்லை, வாசித்தாலும் சுமையோடு வராதே என்றுதானே போட்டிருக்கிறது, காலிக் குடம் சுமையில் சேராது. உள்ளே போய் வரிசையின் தலையைப் பார்த்தேன். முதலாவதாக, மகாராணி மாதிரி, என் ஓட்டைக் குடம்!

எனக்குத் திக்கென்றது. அதைத் தூக்கி ஒளிக்கலாம் என்றால் பின்னால் அத்தனை பேர். வரிசையில் இருக்கிற குடத்தை நான் தொட்டால், என் குடமே ஆனாலும், என்ன பேச்சு வரும்? பேசாமல் கடைசியில் போய் நின்றேன்.

வெயில் தாழ்ந்தது. தண்ணீர் வரவில்லை. நின்று நின்று கால் வலித்தவர்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் காலை நீட்டினார்கள். குழந்தைகள் உருண்டன. ஒருத்தி தலையை அவிழ்த்துப் பேன் பார்க்கக் கொடுத்தாள். அந்தப் புல்லை வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். "மெத்து மெத்துனு கீதுடி" என்று ஒரு கிழவி உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் நீ வந்தாய். அவசரமே இல்லாமல், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிறவள் மாதிரி வந்தாய். கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றாய். அப்புறம் உன் குடத்தைப் பார்த்தாய், முதல் இடம் பத்திரமாக இருந்தது. நேரே போய் பெஞ்சில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாய்.

"தண்ணி எப்போ தனம் வுடுவாங்கோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எந்தத் தண்ணி?" என்றாய் நீ.

அந்தக் கேள்வி வரிசை முழுக்கப் பரவி முடிவதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். புல்லில் குழந்தைகள், பெஞ்சில் நீ, பெஞ்சிலிருந்து வாசல் வரை குடங்கள். கைத்தடி ஆகாயத்தில் நின்றது.

"யோவ் முனுசாமி, என்னய்யா இது? எல்லாத்தையும் எடுத்து அங்கிட்டு வையி!"

"வரிசக் கொடமுங்க மொதலாளி. நான் தொட்டா எங்க வூட்ல எனக்கு சோறு கீதா?"

"நீ என்னய்யா தொடுறது, நான் தொடுதேன்" என்று அண்ணாச்சி குனிந்து உன் குடத்தின் கழுத்தைப் பிடித்தார். புல்லில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அடிதடிதான் வரப்போகிறது, உனக்கோ மூச்சு, உன் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று முன்னால் ஓடினேன்.

"ஏங்க, வரிசையில வச்ச கொடத்தத் தொடாதீக!"

குரல் வரிசையின் நடுவிலிருந்து வந்தது. நல்ல கண்டாங்கிச் சேலை, காதில் கனமான நகை, இடுப்பில் பளபளக்கிற பித்தளைக் குடம். அண்ணாச்சியின் சம்சாரம் செல்லக்கனி அம்மாள்! பெரிய வீட்டுக் குழாயிலும் அன்றைக்குக் காற்றுதான் போலிருக்கிறது. அண்ணாச்சி குடத்தை விட்டுவிட்டார்.

"நீ எதுக்கு இங்கன வந்த?"

"தண்ணிக்குத்தான். உங்களுக்குச் சாயங்காலம் காபி போட நான் எங்க போவேன்?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் முன்னால் வந்தார். பெஞ்சின் எழுத்தைப் படித்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். காற்று அவர் முகத்தில் பட்டது. "இது எங்க மாமா பேருல்லா? இத்தன வருசமா தெனம் இங்கனதான் வந்து உக்காருதீகளா? இம்புட்டுக் காத்தா? பார்க்குல ஒண்ணுமில்ல, ஒரே கொசுன்னு சொன்னீகளே!"

அண்ணாச்சி கொசுவைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்லக்கனி அம்மாள் உன் பக்கம் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோ தாயி, காலு கடுக்கு" என்றார். நீ தள்ளினாய். மாமனார் பெஞ்சில் மருமகள் முதல்முதலாக உட்கார்ந்தார். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நீ சும்மா இருந்திருக்கலாம். இருந்தாயா? "நைனா, கொடம் கொண்டாந்தீங்களா? இல்லாங்காட்டி கடைசில போயி நில்லுங்கோ" என்றாய். தெருவே சிரித்தது. முனுசாமி சிரிப்பை அடக்க முடியாமல் தடியைக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் தோட்டக்காரர் பயந்துபோய்க் குழாயைத் திறந்தார். துருநிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. முறைப்படி முதல் குடம் உன்னுடையது. பிடித்தாய். அடியில் ஒழுகி அண்ணாச்சியின் செருப்பெல்லாம் நனைந்தது.

அதற்குப் பிறகு சங்கம் கூடிக் கூடிப் பேசியது. குடங்களுக்குத் தடை என்று ஒரு நாள் பேச்சு, பெண்களுக்கு வேறு நேரம் என்று இன்னொரு நாள் பேச்சு. ஆனால் செல்லக்கனி அம்மாள் தினமும் வர ஆரம்பித்துவிட்டார். தலைவர் சம்சாரத்தை எந்தச் சட்டத்தின் கீழ் வெளியே அனுப்புவது? அவர் வந்தால் நீயும் போவாய், நீ போனால் நானும், என் பின்னால் தெருவும். ஒரு நல்ல நாளில் பலகையின் கீழ்ப் பாதியைச் சாயம் அடித்து மறைத்துவிட்டார்கள். நீயும் அந்த அம்மாளும் மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்து விடலாமா கூடாதா என்று பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவீர்கள். நீங்கள் எழுந்திருக்கிற வரைக்கும் அண்ணாச்சி மரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அதில் அவருக்குத் தொந்தி கரைந்துவிட்டது, நீதான் காரணம் என்று இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெஞ்சு உன்னைக் குணப்படுத்தவில்லை. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருந்தது. மார்கழிப் பனி வந்தது, உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் அந்தச் சாயங்காலங்களில் நீ சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் மூச்சு விட்டாயே, அதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. நீ இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது தனம். சண்டைக்காரி போனால் வீடு நிம்மதியாகிவிடும் என்று யார் சொன்னார்கள்?

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். போன மாதம் அண்ணாச்சியும் செல்லக்கனி அம்மாளும் வீட்டுக்கு வந்தார்கள். உன் பெயரில் பார்க்கில் ஒரு புது பெஞ்சு போடுகிறார்களாம். "எங்கப்பா பேர விடப் பெரிய எழுத்தா வெட்டச் சொல்லிருக்கேன்" என்றார் அண்ணாச்சி. எனக்கு வாயெல்லாம் பல். உன் அண்ணன்கூடச் சிரித்தார் என்றால் பார்த்துக்கொள். தனக்கோடி என்று கல்லில் எழுதி, ஊரே பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

இடம் பார்த்து வைக்கலாம் என்று மறுநாள் பார்க்குக்குப் போனேன். கரி பொறுக்குகிற ஒரு பெண், வயிற்றுப் பிள்ளைக்காரி, கூடையை இறக்கிவிட்டு ஒரு காலி பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பலகையில் சாயம் அடித்து எத்தனையோ நாளாயிற்று, யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் சாய்மானத்து எழுத்தையே பார்த்தாள். வாசிக்கத் தெரியவில்லை. என்னிடம், "இது யார்து பெஞ்சிமா? குந்தினா திட்டுவாங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், எதற்கு வம்பு என்று பெஞ்சுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நேரே மண்டிக்குப் போனேன். பெஞ்சு போடுங்கள், பெயர் வேண்டாம் என்றேன். அண்ணாச்சி திகைத்துப்போனார். "பேரில்லாம என்னம்மா உபயம்? யாரு குடுத்தான்னு சாமிக்கே தெரியாதே!" என்றார். உள்ளேயிருந்து செல்லக்கனி அம்மாள், "சாமிக்கு வாசிக்கத் தெரியும்னு உங்களுக்கு ஆரு சொன்னா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

பெஞ்சு வந்துவிட்டது. வேப்ப மரத்தடியில், நல்ல சாய்மானம், மழமழவென்று வெறும் சிமிட்டி. நேற்று அதே பெண் வந்து, "இது யார்துமா?" என்று கேட்டாள். உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தொண்டையில் பிடித்து வைத்துக்கொண்டு, "யாருதும் இல்ல, குந்துமே" என்றேன். அவள் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், பெருமூச்சு விட்டாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

தனம், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். யார் வந்து கேட்டாலும் அது உன் பெஞ்சு என்று நான் சொல்லவே மாட்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தவள் நீ, இது எனக்கு எவ்வளவு பெரிய விரதம் என்று உனக்குப் புரியும். இந்தப் பத்திரிகையில் எழுதியது கணக்கில் வராது, வாசிக்கிறவர்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும்
உன் அண்ணி,
கோவிந்தம்மாள்